கால் மணிக்கு ஒருமுறை

மால்வினா கடிகாரத்தைத் திருகி வைக்கிறாள்.
இடப்பக்கம் பதினைந்து நிமிடம்,
வலப்பக்கம் பதினைந்து,
பிறகு மல்லாக்க, பிறகு குப்புற,
அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.
இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும், தெயோஃபில்.

ஐம்பது மில்லி கலங்கல் நீர்
என் மூத்திரப்பையின் சுவரெங்கும் படவேண்டுமாம்.
எனக்கா சொல்லித்தர வேண்டும்?
முப்பத்தொரு வருஷம்
தொட்டியில் துணியைப் புரட்டியவன் நான்.
ஒரு மடிப்பு விட்டுப்போனாலும்
சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த கட்டிலில் சிப்ரியான், டிராம் ஓட்டியவன்.
நான் இடம் திரும்பும்போது அவன் வலம்.
மணிக்கு ஒருமுறை முகம் பார்த்துக்கொள்கிறோம்.
பேச ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் வூச். பெயருக்குப் படகு என்று பொருள்.
படகு விடத்தான் ஆறில்லை.
இருந்தவற்றை ஆலைக்காரர்கள்
தெருவுக்கடியில் குழாயில் போட்டு மூடினார்கள்.
திங்கள் நீலம், வியாழன் அரக்கு,
எங்கள் கழுவுநீர் யார் கண்ணிலும் படாமல் ஓடியது.

எனக்குள்ளும் அப்படி ஒன்று ஓடியிருக்கிறது.
வேலையை விட்டுப் பதினேழு வருஷம் கழித்து
ஒரு காலை, பீங்கானில் சிவப்பு.
வலியில்லை.
உள்ளே யாரோ பழைய தொட்டியைக் கழுவிவிட்டார்கள்
என்றுதான் நினைத்தேன்.
நல்ல சிவப்பு.
வெயிலுக்கு வெளுக்காத ரகம்.

புட்டியில் என்ன என்று முதல் வாரமே கேட்டேன்.
டாக்டர் ஓல்ஷெவ்ஸ்கா ஒளிக்கவில்லை.
காசநோய்க் கிருமி. மாட்டினுடையது.
பல்லைப் பிடுங்கியாயிற்று,
உயிர் மட்டும் இருக்கிறது.

ஃபெலிட்சியா.
என் அக்கா. பதினோரு வயது.
வார்சாவில் மருந்து வந்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்.
எங்கள் தெருவுக்கு வரவில்லை.
அம்மா அவள் போர்வையை எரித்தாள்,
தலையணையை எரித்தாள்,
கரண்டி எரியவில்லை.
அதில்தான் இன்றும் தேநீரைக் கலக்குகிறேன்.

சொல், கலங்கல் நீரே,
அவளைத் தின்றது நீயா, உன் பங்காளியா?

டாக்டர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு:
புற்று வெளியாள் இல்லை. என் சதை, என் வாசனை.
காவல்நாய் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது.
இப்போது வேலி தாண்டி ஓர் அந்நியனை இறக்குகிறோம்.
நாய் எழும், குரைக்கும்.
கடிக்கிற கடியில்
வீட்டுக்குள் இருக்கிற திருடனும் அகப்படலாம்.
அகப்படுவானா?
பலருக்கு அகப்பட்டிருக்கிறான், என்றாள்.
எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் இரவில் நாய் எழுந்தது.
பற்கள் தந்தியடித்தன.
மூன்று கம்பளிக்குள்ளிருந்து தொலைபேசியில் சொன்னேன்:
முப்பத்தெட்டரை.
மறுமுனையில் மால்வினா கிட்டத்தட்டச் சிரித்தாள்.
முப்பத்தொன்பதைத் தாண்டினால் உடனே வாருங்கள்.
தாண்டாவிட்டால் நல்லதுதான், தெயோஃபில்,
உடம்பு கவனிக்கத் தொடங்கிவிட்டது.

ஃபெலிட்சியாவுக்கும் மாலைதோறும்
இதே காய்ச்சல்தான் வந்தது.
அவளிடம் யாரும் நல்லது என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் உட்கார்ந்துதான் பெய்ய வேண்டும்.
பெய்தபின் ப்ளீச்சிங் நீரை ஊற்றிக்
கால் மணி நேரம் விட்டுவைக்க வேண்டும்.
அந்த நெடி என்னை ஒன்றும் செய்யாது.
வெள்ளைத்துணிக் கொட்டடியில் தினமும் குடித்த காற்று.
ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு
நீர் வெளுப்பதைப் பார்த்தபடி நிற்கிறேன்,
எதையோ திரும்பவும் எரிப்பதுபோல.

இன்று நான்காம் வாரம்.
ஆறு முடிந்தபின் உள்ளே விளக்கை விட்டுப் பார்ப்பார்கள்.
அதுவரை யாருக்கும் தெரியாது,
டாக்டருக்கும், மாட்டுக்கும்.

மணி அடிக்கிறது.
சிப்ரியான் முனகிக்கொண்டே புரள்கிறான்.
நான் குப்புறக் கவிழ்கிறேன்,
தலையணைக்குள் முகத்தைப் புதைத்து
அதட்டுகிறேன், புதுப்பையனை அதட்டுவதுபோல:

அந்த மூலையில் இன்னும் படவில்லை.
போ.